மார்ச் 21 முடிந்த மறுநாள்: டவுன் சிண்ட்ரோம் உள்ளவரைக் கிராமசபைக்கு அழைத்துப் போவோமா?

மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் தினம். அன்றைக்குச் சிறப்புப் பள்ளிகளில் கேக் வெட்டுவார்கள், பலூன் கட்டுவார்கள். ஒரு காலில் சிவப்பு, இன்னொரு காலில் மஞ்சள் என்று ஜோடி சேராத சாக்ஸ் போட்டுப் படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பார்கள். (புதுக்கோட்டை பங்குனி வெயிலில் சாக்ஸா என்று கேட்காதீர்கள். குரோமோசோம்கள் பார்க்க சாக்ஸ் மாதிரி இருப்பதால் உலகம் முழுக்கப் பரவிய பழக்கம் அது.) எங்களைப் போல் செய்தி எழுதுகிறவர்களுக்கும் அன்று வேலை இருக்கும். மேடை, பரிசு, குழுப் படம். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

மறுநாள் மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆறு நாள் கிராமசபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. சில ஆண்டுகளில் நிர்வாகக் காரணங்களால் தேதி கொஞ்சம் தள்ளிப்போவதும் உண்டு. நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான கிராம ஊராட்சிகள். முந்தின நாள் மேடையில் ஆடிப் பாடிக் கைதட்டு வாங்கியவர்களில் எத்தனை பேர் மறுநாள் அவங்க ஊர் கிராமசபையில் உட்கார்ந்திருப்பாங்க? மேடைக்கு வந்த அதே ஆளை ஊர்க் கூட்டத்துக்கும் எப்படிக் கூட்டிட்டு வருவது என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் பெயர்

'டவுன்' என்றதும் கீழே, தாழ்வு என்று அர்த்தம் எடுத்துக்கொள்கிறவர்கள் நிறைய. டவுன் பஸ்ஸில் வருகிற டவுனும் இல்லை. ஜான் லாங்டன் டவுன் என்பது ஓர் ஆங்கிலேய மருத்துவரின் பெயர். 1866இல் இந்த நிலையை விவரித்து எழுதியவர் அவர். கண் அமைப்பைப் பார்த்து அவர் வைத்த பெயர் ஓர் இனத்தையே இழிவுபடுத்துவதாக இருந்தது. 1965இல் மங்கோலியா உலக சுகாதார நிறுவனத்திடம் ஆட்சேபம் சொன்ன பிறகு அந்தச் சொல் மருத்துவ உலகில் மெல்ல வழக்கொழிந்தது. நம் பக்கத்தில் சில பெரியவர்கள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். தெரியாமல் சொல்வதுதான், பக்குவமாகத் திருத்தலாம்.

காரணம் தெரிந்தது 1959இல். பிரெஞ்சு மருத்துவர் ஜெரோம் லெஜூன் குழுவினர் அதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். நம் உடலின் செல்களில் 23 ஜோடி, அதாவது 46 குரோமோசோம்கள் இருக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்கு 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கும். 21ஆவது குரோமோசோம் மூன்று என்பதால்தான் மூன்றாம் மாதம் 21ஆம் தேதியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐ.நா. பொதுச்சபை 2011 டிசம்பரில் தீர்மானம் போட்டு, 2012 முதல் இந்த நாளைக் கடைப்பிடிக்கிறது.

உலக அளவில் ஏறத்தாழ ஆயிரம் பிறப்புகளுக்கு ஒன்று இப்படி அமைகிறது. பணக்காரர், ஏழை, எந்தச் சாதி, எந்த நாடு என்ற வித்தியாசமே இல்லை. "கிரகணத்துல வெளிய வந்தா", "மாசமா இருக்கறப்ப அதைத் தின்னா", "சொந்தத்துல கட்டிக்கிட்டாங்க, அதான்" என்று மாமியார் வீட்டில் பேச்சு வரும். மூன்றுமே காரணம் இல்லை. நெருங்கிய சொந்தத்தில் மணம் முடித்தால் வேறு சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடும். ஆனால் ஒரு குரோமோசோம் கூடுதலாக வருவது கரு உருவாகும் கட்டத்தில் தற்செயலாக நடப்பது. தாயின் வயது கூடக் கூட வாய்ப்பு கூடுகிறது என்பது உண்மை. அதே சமயம் மொத்தப் பிரசவங்களில் இளம் தாய்மார்களின் எண்ணிக்கையே அதிகம் என்பதால், இந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் அவர்களுக்குத்தான் பிறக்கிறார்கள். தாயும் தகப்பனும் செய்த எதனாலும் இது வருவதில்லை. இந்த ஒரு வரியைப் பிரசவ வார்டிலேயே யாராவது சொல்லியிருந்தால் எத்தனையோ வீடுகளில் பல வருஷச் சண்டை மிச்சமாகியிருக்கும்.

இன்னொன்று. இது நோய் இல்லை, தொற்றும் இல்லை. குரோமோசோம் எண்ணிக்கையை மாற்றும் மருந்தோ லேகியமோ கிடையாது. "90 நாளில் குணம்" என்று உங்கள் போனில் விளம்பரம் வந்தால் தள்ளிவிட்டுப் போங்க.

பார்த்துப் பழகிய ஊர் இது

இந்த மாவட்டத்துக்கு ஒரு பழைய அனுபவம் இருக்கு. 1991இல் அறிவொளி இயக்கம் இங்கே எழுத்தறிவு வகுப்புகளை நடத்தியபோது, அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், கிராமத்துப் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வேலையும் சேர்ந்துகொண்டது. எழுத்துக்கும் சைக்கிளுக்கும் என்ன சம்பந்தம்? தானாக ஓர் இடத்துக்குப் போகவும் வரவும் முடிந்தால்தான் படித்த எழுத்துக்கு உபயோகம் என்பது கணக்கு. முதலில் கேலி இருந்தது. பொம்பளை சைக்கிள் ஓட்டினால் ரோட்டோரம் நின்று விசில் அடித்தார்கள். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், விவசாயக் கூலிகள் என்று ஆளுக்கு ஆள் ஓட்ட ஆரம்பித்தார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். அவருடைய அந்தக் கட்டுரை என்.சி.இ.ஆர்.டி.யின் 8ஆம் வகுப்பு இந்திப் பாடநூலில் பாடமாகவே வந்தது.

இன்று அறந்தாங்கி ரோட்டில் ஒரு பெண் சைக்கிளில் போனால் யார் திரும்பிப் பார்க்கிறார்கள்? தினமும் கண்ணில் பட்டுப் பட்டு ஊருக்குப் பழகிப்போச்சு. அதற்கும் பல வருஷம் முன்னால், மாணவர்கள் மட்டுமே படித்த இங்குள்ள மன்னர் கல்லூரியில் ஒரு பெண் சேரக் கூடாது என்று எதிர்ப்பு வந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதித்தார். அந்தப் பெண்தான் பிறகு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி ஆனார்.

டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் விஷயத்தில் நாம் இன்னும் விசில் அடிக்கும் காலத்தில்தான் இருக்கோம். அதற்குப் பயந்தே பல வீடுகளில் பிள்ளையை வெளியே காட்டுவதில்லை. வெளியே வராததால் ஊருக்குப் பழக்கமில்லை. பழக்கமில்லாததால் முறைத்துப் பார்க்கிறார்கள். முறைத்துப் பார்ப்பதால் திரும்பவும் கதவைச் சாத்துகிறார்கள்.

இனி ஓர் உதாரணத்தோடு போவோம். மணமேல்குடி பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா, கல்யாணமான ஓர் அக்கா, 24 வயதில் டவுன் சிண்ட்ரோம் உள்ள தம்பி. அவர் மார்ச் 22 கிராமசபையில் வந்து உட்கார வேண்டும். அதற்கு என்னென்ன நடந்திருக்க வேண்டும்?

பிறந்த உடனே: இதயம், தைராய்டு, காது, கண்

தம்பிக்கு இப்போது 24. இந்தப் பகுதி, இனி பிறக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு. டவுன் சிண்ட்ரோமோடு பிறக்கும் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பிறவியிலேயே இதயக் குறைபாடு இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. அதனால் பிறந்த சில நாட்களுக்குள் எக்கோ பரிசோதனை எடுத்தே ஆக வேண்டும். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு உண்டு. அட்டை இருக்கிறதா என்று இன்றைக்கே அலமாரியைத் திறந்து பாருங்க.

தைராய்டு பரிசோதனை பிறந்தபோது, 6ஆம் மாதம், 12ஆம் மாதம், பிறகு வருஷம் ஒரு முறை. காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் குறைவது இவர்களிடம் அடிக்கடி நடக்கும். "கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறான், புரியலை" என்று அம்மா சொல்வது சில சமயம் புரியாததால் அல்ல, கேட்காததால். கண்ணையும் அதே மாதிரி பார்த்துவிட வேண்டும்.

தசைகள் தளர்வாக இருப்பதால் கழுத்து நிற்பது, உட்காருவது, நடப்பது எல்லாம் தாமதமாகும். இரண்டு வயதை ஒட்டி நடப்பது சாதாரணம். பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி இரண்டையும் முதல் சில மாதங்களிலேயே ஆரம்பித்தால் பலன் நன்றாகத் தெரியும். இதற்காகத்தான் 2013இல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அங்கன்வாடிகளில் வருஷத்துக்கு இரு முறையும், அரசுப் பள்ளிகளில் ஒரு முறையும் மருத்துவக் குழு வந்து பார்க்கிறது. அவர்கள் தேடும் பிறவிக் குறைபாடுகளின் பட்டியலில் டவுன் சிண்ட்ரோமும் உண்டு. கண்டறிந்தால் மாவட்ட அளவிலான ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புவார்கள். குழு வருகிற அன்று "காய்ச்சல்" என்று சொல்லிப் பிள்ளையை வீட்டில் நிறுத்திவிடாதீங்க.

கவனித்து வளர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு: அமெரிக்காவில் 1983இல் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களின் சராசரி ஆயுள் சுமார் 25 ஆண்டுகள். இன்று சுமார் 60. இடையில் குரோமோசோம் மாறவில்லை. இதய அறுவை சிகிச்சை கிடைத்தது, இவர்களை விடுதிகளில் அடைத்து வைக்கும் வழக்கமும் போனது.

பள்ளி, பிறகு அட்டை

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டப்படி, 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. அருகிலுள்ள பள்ளியிலா, சிறப்புப் பள்ளியிலா என்பதைக் குடும்பம் தேர்ந்தெடுக்கலாம். "எங்க ஸ்கூல்ல இந்தப் பிள்ளைங்கள சேர்க்கிறதில்ல" என்று வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்க. பெரும்பாலும் பேச்சு அங்கேயே மாறும். நம் 13 ஒன்றியங்களிலும் வட்டார வள மையம் வழியாகச் சிறப்பாசிரியர்களும் பிசியோதெரபிஸ்ட்டுகளும் பணியாற்றுகிறார்கள். பள்ளிக்கு வரவே முடியாத பிள்ளைக்கு வீட்டு வழிக் கல்வியும் இருக்கிறது.

எல்லா உதவிக்கும் சாவி தனித்துவ அடையாள அட்டை. ஸ்வாவ்லம்பன் கார்டு இணையதளத்தில் போனிலிருந்தே விண்ணப்பிக்கலாம். ஆதார், புகைப்படம், முகவரிச் சான்று, கையெழுத்து அல்லது கைரேகை போதும். பிறகு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்குக் கூப்பிடுவார்கள். அறிவுசார் குறைபாட்டை உளவியலாளர் பார்ப்பார், அதனால் ஒரே நாளில் முடியாமலும் போகலாம். ஓர் எச்சரிக்கை: மதிப்பீட்டு அன்று பிள்ளைக்குச் சாப்பாடு கொடுத்து, தூங்க வைத்துக் கூட்டிட்டுப் போங்க. மூன்று பஸ் மாறிப் பசியோடு வந்து வரிசையில் நின்ற பிள்ளை யார் கேட்டாலும் பதில் சொல்லாது.

அட்டை வந்தால் தமிழ்நாடு அரசின் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய்க்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் அவரும் உடன் வரும் ஒருவரும் கட்டணமில்லாமல் போகலாம். துணையின்றிப் பயணிக்க முடியாத அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கும் துணைக்கு வருபவருக்கும் ரயிலில் படுக்கை வசதிப் பெட்டியில் 75 சதவீதச் சலுகை உண்டு. தேசிய அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை தருகிறது. மற்ற காப்பீடுகள் போல முன்கூட்டியே மருத்துவப் பரிசோதனை கேட்பதில்லை, தெரபி செலவையும் ஏற்கிறது. பலருக்குத் தெரியாத திட்டம் இதுதான்.

விண்ணப்பம் நின்றுபோனால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். 1100க்கு போன் செய்தும் பதியலாம். மனு எண்ணை போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்க.

18 முடிந்ததும் சட்டம் கேட்கும் கேள்வி

நம் மணமேல்குடி தம்பிக்கு 24 வயது. 18 முடிந்த அன்றே அவர் சட்டப்படி வயது வந்தவர். அதுவரை அப்பா, அம்மா இயல்பான காப்பாளர்கள். அதற்குப் பிறகு அவர் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு, நிலம், அறுவை சிகிச்சைக்குச் சம்மதம் எல்லாவற்றிலும் "யார் கையெழுத்து?" என்ற கேள்வி வரும்.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்குச் சட்டபூர்வக் காப்பாளரை நியமிக்கும் அதிகாரம் உள்ளூர் அளவிலான குழுவுக்கு உண்டு. மாவட்ட ஆட்சியர் தலைமை. பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி ஒருவரும் மாற்றுத்திறனாளி ஒருவரும் உறுப்பினர்கள். இதற்காக நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியதில்லை, வக்கீல் வைக்க வேண்டியதும் இல்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், உறவினர் விண்ணப்பிக்கலாம். நியமிக்கப்பட்ட காப்பாளர் ஆறு மாதத்துக்குள் சொத்து விவரத்தையும், பிறகு ஆண்டுதோறும் கணக்கையும் ஒப்படைக்க வேண்டும். இது முக்கியம். காப்பாளர் என்றால் சொத்துக்கு உரிமையாளர் ஆகிவிட்டார் என்று நினைக்கும் சித்தப்பாக்களும் மாமாக்களும் இருக்கிறார்கள்.

எல்லாருக்கும் காப்பாளர் கட்டாயமா? இல்லை. டவுன் சிண்ட்ரோம் உள்ள பலர் கையெழுத்துப் போடுகிறார்கள், காசு எண்ணுகிறார்கள், பஸ் ஏறுகிறார்கள். 2016ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கப்பட்ட காப்பாளர் என்ற முறையையே முன்வைக்கிறது. அதாவது எதற்கு உதவி தேவையோ அதற்கு மட்டும், அவருடைய விருப்பத்தைக் கேட்டு, சேர்ந்து முடிவெடுப்பது. அப்பாவும் அம்மாவும் நன்றாக இருக்கும்போதே, அக்காவையும் தம்பியையும் உட்கார வைத்து இதைப் பேசிவிடுவது நல்லது. "எங்களுக்கு அப்புறம் இவன யாரு பாத்துக்குவா" என்ற கேள்வி இரவில் அந்த அம்மாவைத் தூங்கவிடாது. எழுதி வைத்த பதில் ஒன்று இருந்தால் கொஞ்சமாவது தூக்கம் வரும்.

ஓட்டு? டவுன் சிண்ட்ரோம் என்ற காரணத்துக்காக யார் பெயரையும் வாக்காளர் பட்டியலில் இருந்து விலக்க முடியாது. 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் விலக்குவது, சித்த சுவாதீனம் இல்லாதவர் என்று தகுதிவாய்ந்த நீதிமன்றம் அறிவித்தவரை மட்டுமே. மருத்துவரின் சான்றோ அடையாள அட்டையில் உள்ள சதவீதமோ அதற்குப் போதாது. 18 முடிந்தவருக்குப் படிவம் 6 நிரப்புங்க. போனிலேயே விண்ணப்பிக்கலாம்.

"தம்பி, இட்லியா தோசையா?"

ஹோட்டலில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருக்கும். சர்வர் எல்லாரிடமும் கேட்டுவிட்டு, தம்பியைக் காட்டி அம்மாவிடம், "இவரு என்ன சாப்பிடுவாரு?" என்பார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. ஆனால் 24 வயது ஆள் எதிரிலேயே இருக்கார். அவரிடமே கேளுங்க. பதில் வரப் பத்து நொடி ஆகலாம், காத்திருங்க. நாக்குத் தசை தளர்வதால் சொல் தெளிவில்லாமல் வரலாம். புரியவில்லை என்றால் "இன்னொரு தடவை சொல்லுங்க தம்பி" என்றால் போதும். புரிந்த மாதிரி தலையாட்டினால் அவருக்கு உடனே தெரிந்துவிடும்.

40 வயது ஆளையும் "குழந்தை" என்போம். "தெய்வக் குழந்தை" என்றும் சொல்வோம். அன்பில் வருவதுதான். எனக்கென்னவோ இந்த அன்புச் சொல் கேலிச் சொல்லைவிடப் பெரிய பூட்டு என்று தோன்றுகிறது. குழந்தைக்கு யாரும் ஓட்டுச் சீட்டு தருவதில்லை, சம்பளம் தருவதில்லை, கடைச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதும் இல்லை. அவர் வயதுக்கு என்ன முறையோ அதைச் சொல்லிக் கூப்பிடுங்க: தம்பி, அண்ணே, அக்கா, மாமா.

வேலை விஷயத்திலும் அதே கதைதான். நவி மும்பையில் டவுன் சிண்ட்ரோம் உள்ள அதிதி வர்மா 2016இல் இருந்து ஒரு சிற்றுண்டிக் கடை நடத்தியவர். கேரளத்தின் கோபிகிருஷ்ணன் 2021இல் 'திரிகே' மலையாளப் படத்தின் நாயகன். சென்னையில் சுரேகா ராமச்சந்திரன், டவுன் சிண்ட்ரோம் உள்ள தன் மகளை வளர்த்த அனுபவத்தோடு 1984இல் தொடங்கிய சங்கம்தான் பிறகு இந்திய டவுன் சிண்ட்ரோம் கூட்டமைப்பாக வளர்ந்தது. கடையும் சினிமாவும் எல்லாருக்கும் வேண்டாம். நம்ம ஊர் மளிகைக் கடையில் தக்காளி எடை போடவும், நர்சரியில் பை நிரப்பவும் ஆள் தேவைதான். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீத இட ஒதுக்கீட்டில் ஒரு சதவீதம் அறிவுசார் குறைபாடு உள்ளிட்ட பிரிவுகளுக்கு.

மார்ச் 21 நம் நாட்காட்டியில் பங்குனியில் விழுகிறது. புதுக்கோட்டைக்காரர்களுக்கு அது மாரியம்மன் மாதம். நார்த்தாமலைப் பூச்சொரிதல், கொன்னையூர்த் திருவிழா என்று ஊரே தெருவில் இருக்கும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவரை வீட்டில் பூட்டிவிட்டுக் குடும்பம் மட்டும் போகும் நாட்களும் அவைதான். கூட்டிட்டுப் போகலாம், கொஞ்சம் முன்யோசனை போதும். வேட்டுச் சத்தமும் மேளமும் சிலருக்கு ஆகாது, அதனால் கூட்டம் சேருமுன் சாயங்காலமே போய்வரலாம். சட்டைப் பையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய சீட்டு இருக்கட்டும். நிற்க வைத்து வேடிக்கை காட்டுவதைவிட ஒரு வேலை கொடுப்பது நல்லது: தண்ணீர்ப் பந்தலில் டம்ளர் நீட்டுவது, கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பது. கையில் பன்னீர்ச் சொம்பு இருக்கும் ஆளை யாரும் முறைத்துப் பார்ப்பதில்லை, நின்று வாங்கிக்கொள்கிறார்கள்.

அவர் ஆடுவதை வீடியோ எடுத்து 'க்யூட்' என்று போடுவதற்கு முன் அவரிடமும் வீட்டாரிடமும் கேளுங்க. பலர் பார்க்கும் இடத்தில் ஒரு மாற்றுத்திறனாளியை வேண்டுமென்றே அவமானப்படுத்தினால் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 92ஆவது பிரிவின்படி 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. கேலி ரீல்ஸ் போடுகிற தம்பிமார்களுக்கு இதைச் சொல்லி வைக்கலாம்.

இப்போது கிராமசபைக்கு

ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் கிராமசபை உறுப்பினர்கள். நம் தம்பிக்கு ஓட்டு இருக்கிறது, ஆகவே அவரும் உறுப்பினர். யார் அனுமதியும் தேவையில்லை. 2025 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டப்பேரவை உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, கிராம ஊராட்சி முதல் மாநகராட்சி வரை மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக்க வழி செய்திருக்கிறது. மன்றத்திலேயே நாற்காலி தருகிற அளவுக்கு வந்தாச்சு. அவர்கள் ஊர்க் கூட்டத்துக்கும் வந்து பழகினால்தானே அந்த நாற்காலிக்கு ஆள் கிடைக்கும்?

போகும் முன் இரண்டு நாள் அவரிடம் சொல்லிப் பழக்குங்க: எங்கே போகிறோம், யார் யார் வருவார்கள், எவ்வளவு நேரம், எப்போது கைதூக்குவது. கூட்டம் நடக்கும் பள்ளிக்கூடத்தையோ சமுதாயக் கூடத்தையோ முந்தின நாளே ஒரு நடை காட்டிவிட்டு வந்தால் பாதிப் பயம் போய்விடும். வருகைப் பதிவேட்டில் அவரே கையெழுத்துப் போடட்டும், அல்லது கைரேகை வைக்கட்டும். அக்கா அவருக்காக ஒரு கோரிக்கையை ஒரு பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்: ஊராட்சியில் உள்ள மாற்றுத்திறனாளிகளின் பெயர்ப் பட்டியலைச் சரிபார்க்க வேண்டும், அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு ஒன்றிய அளவில் முகாம் கேட்க வேண்டும், அங்கன்வாடிக்குச் சாய்தளம் வேண்டும் என்று எது தேவையோ அது. கோரிக்கை தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று கூட்டம் முடியுமுன் கேட்டுப் பாருங்க. "பாத்துக்கலாம்" என்பது தீர்மானம் ஆகாது.

தம்பி பேச விரும்பினால் பேசட்டும். ஒரு வாக்கியம்கூடப் போதும். "எங்க தெருவுல லைட் எரியலை" என்று அவர் சொன்னால் அது மற்றவர் சொல்லும் புகார் மாதிரியே பதியப்பட வேண்டியது. பேச விரும்பாவிட்டால் உட்கார்ந்திருந்துவிட்டு வரட்டும், பலரும் அப்படித்தான் வருகிறார்கள். நடுவில் எழுந்து வெளியே போனால் அக்காவும் கூடப் போய், கொஞ்சம் நடந்துவிட்டுத் திரும்பி வரலாம்.

கூட்டம் பெரும்பாலும் காலை 11 மணிக்குத் தொடங்கும். வெயில் ஏறுகிற நேரம். தண்ணீர் பாட்டிலும் ஒரு தொப்பியும், அவர் வழக்கமாகக் கொறிக்கிற முறுக்கோ பிஸ்கட்டோ பையில் இருக்கட்டும்.